நியூவே நாணயமும் என் தராசும்

நாணயங்களுக்கு மதிப்புப் போடுவது என் தொழில். போன மாதம் ஒருவர் அப்பா விட்டுப்போன பெட்டியோடு வந்தார். உள்ளே 14 நினைவு நாணயங்கள்: நியூவே, குக் தீவுகள், துவாலு, பலாவு என்று பசிபிக் கடலின் சின்னத் தீவு நாடுகளின் பெயரில் வந்தவை. கேப்ஸ்யூல் (நாணயத்தை மூடிய பிளாஸ்டிக் உறை), சான்றிதழ் எல்லாம் பக்கா. "டாலர்னு போட்டிருக்கே, அந்த நாட்டு பேங்க்ல மாத்திக்கலாமா?" என்றார்.

நியூவேயின் மக்கள்தொகை 2,000கூட இல்லை. அங்கே கடையில் புழங்குவது நியூசிலாந்து டாலர். பலாவுவில் அமெரிக்க டாலர். நினைவு நாணயத்துக்கு அந்த அரசு பெயரும் அனுமதியும் கொடுத்து ராயல்டி வாங்கிக்கொள்ளும். அச்சடிப்பது வேறு ஊர். துவாலு பெயரில் வருபவற்றில் பல ஆஸ்திரேலியாவின் பெர்த் மின்ட் என்ற நாணயச் சாலையில் அச்சானவை. இதில் மோசடி ஏதுமில்லை, சின்ன நாட்டுக்கு ஒரு வருமானம். ஆனால் 'சட்டப்படி செல்லும்' என்பது முகமதிப்புக்கு, அதாவது நாணயத்தில் பொறித்த தொகைக்கு மட்டும்தான். ஒரு அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் சுத்த வெள்ளியில் 2 டாலர் என்று பொறித்திருக்கும். அதை 2 டாலராகச் செலவழித்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

அதிகம் பேர் ஏமாறுவது உலோகத்தில். 2011-ல் நியூவே பெயரில் ஸ்டார் வார்ஸ் நாணயங்கள் வந்தன. 2 டாலர் நாணயம் சுத்த வெள்ளி. 1 டாலர் நாணயம் வெள்ளி முலாம். படத்தைப் பார்த்து வாங்கியவருக்கு இரண்டும் வெள்ளிதான். இவர் பெட்டியிலும் ஒரு சான்றிதழில் 'சில்வர்' பெரிதாக, 'பிளேட்டட்' (முலாம் பூசியது) எறும்பு சைஸில். முதலில் தராசில் வைத்து, சான்றிதழில் உள்ள எடையோடு ஒப்பிடுங்கள். தங்கம் என்றால் இன்னும் உஷார்: அரை கிராம், 11 மில்லிமீட்டர் குறுக்களவில் பொட்டு மாதிரி ஒன்று, பெட்டியோ உள்ளங்கை அகலம். காசு பெட்டிக்கும் சேர்த்துத்தான்.

'1,000 மட்டுமே' என்ற வாசகத்துக்கும் மயங்க வேண்டாம். அது ஒரு டிசைனுக்கான கணக்கு. டிசைன்களோ வந்துகொண்டே இருக்கின்றன. விற்பவர் கேட்கும் விலையை விட்டுவிட்டு, ஏலத்தில் உண்மையில் விற்ற விலையைப் பாருங்கள். அப்புறம், கறுத்திருந்தாலும் கேப்ஸ்யூலைத் திறந்து துடைத்துவிடாதீர்கள். சேகரிப்பவர்களுக்கென்று கண்ணாடி மாதிரி பளபளப்பாக அச்சடிப்பதுதான் ப்ரூஃப் நாணயம்; அதில் கீறல் விழுந்தால் நான் வெறும் உலோக விலைக்குத்தான் போடுவேன்.

14-ல் 5 சுத்த வெள்ளி. மீதியில் ஒன்று 2007-ல் பலாவு பெயரில் வந்தது. நாணயத்திலேயே பதித்த குட்டிக் குப்பியில் லூர்து மாதா திருத்தலத்தின் தீர்த்தம் அடைத்தது. அதற்கு மட்டும் அவர் விலை கேட்கவில்லை. அம்மாவுக்கு என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.