வண்டலில் கரிமச்சத்து 'அதிகம்' என்று வந்தால் உடனே டிராக்டரை வரச் சொல்லாதீர்கள்

கோடையில் ஏரி வற்றியதும் எங்கள் ஆய்வகத்துக்கு வண்டல் மண் வர ஆரம்பித்துவிடும். ராணிப்பேட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் பழைய முடிவுத்தாளையும் கையோடு கொண்டுவந்தார். "கரிமச்சத்து 1.6 சதவீதம்னு போட்டிருக்காங்க சார். நம்பி வண்டலை வயல்ல அடிச்சேன். கடலை முளைக்கவே இல்ல." பக்கத்தில் தோல் ஆலை இருக்கிறதா என்று அவரை யாரும் கேட்கவில்லை. இதே கதையை எத்தனை பேரிடம்தான் கேட்பது!

மண்வள அட்டையில் கரிமச்சத்து 0.75 சதவீதத்தைத் தாண்டினாலே 'அதிகம்'தான். அது வயல் மண்ணுக்கான கணக்கு. ஆலைக்கழிவு சேர்ந்த ஏரிக்கு அது பொருந்தாது.

நாங்கள் செய்யும் வாக்லி-பிளாக் சோதனை 1934-இல் வந்தது. மண்ணில் டைக்ரோமேட் என்ற குரோமிய உப்புக் கரைசலும் கந்தக அமிலமும் ஊற்றி, எவ்வளவு டைக்ரோமேட் செலவானது என்று பார்ப்போம். அதைச் செலவழித்தது மக்கிய இலையா, வேறு ஏதாவதா என்று சோதனைக்குத் தெரியாது. எண்ணெய்க் கசிவும் கரிமம்தான். சேற்றிலுள்ள ஃபெரஸ் இரும்பும் கரிமமாகவே கணக்கில் ஏறும். தோல் பதப்படுத்தும் உப்பிலுள்ள குளோரைடு இன்னும் மோசம், அதுவும் கரிமமாகவே கணக்கில் ஏறும். அமிலம் விட்டதும் குடுவையில் செம்பழுப்புப் புகை தெரிந்தால் அது குளோரைடின் வேலை. அமிலத்தில் சில்வர் சல்ஃபேட் கலக்க வேண்டும். இல்லையென்றால் குளோரைடு சதவீதத்தைப் பன்னிரண்டால் வகுத்து, வந்ததைக் கரிமச் சதவீதத்திலிருந்து கழிக்க வேண்டும். விலையைப் பார்த்து முதலாவதை விடுகிறார்கள், சோம்பலில் இரண்டாவதையும். இந்தச் சோதனைக்குப் பதில் மண்ணை எரித்து, குறைந்த எடையைக் கரிமம் என்று கணக்கிட்டாலும் தப்ப முடியாது. களிமண்ணில் கட்டுண்ட நீரும் சேர்ந்து போய், கரிமம் கூடுதலாகத் தெரியும்.

சரி, நிஜமாகவே கரிமம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அது தோல் செதுக்கலும் முடியும் கொழுப்புமாக இருக்கலாம். தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் என்ற உலோகம் கரிமத்தோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே அந்த ஏரியில் கரிமம் கூடக்கூட எனக்குக் கவலைதான் கூடுகிறது.

(ஆய்வகத் தம்பிகளுக்கு: மண்ணை இரும்பு உரலில் இடிக்காதீர்கள், அதுவும் டைக்ரோமேட்டைத் தின்னும். டைட்ரேஷன் முடிந்த கரைசலைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள். அதிலிருப்பதும் குரோமியம்தான்.)

மாதிரியை உரச் சாக்கில் கட்டி வராதீர்கள். சுத்தமான பிளாஸ்டிக் பை போதும். ஏரிக்கு மேலே என்ன ஆலை இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள். மின் கடத்துத்திறன் (உப்பு எவ்வளவு என்று காட்டும்), குளோரைடு, மொத்தக் குரோமியம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். அதுவரை இரண்டு பூந்தொட்டியில் வயல் மண்ணோடு வண்டலைக் கலந்து கடலை போட்டுப் பாருங்கள், காசா பணமா?

ஏற்கெனவே அடித்துவிட்டவர்கள், தயவுசெய்து உழுது கலக்காதீர்கள். மேலாகக் கிடக்கும்போதே வழித்து அள்ளிவிடலாம். அள்ளியதை வாய்க்கால் கரையில் கொட்டிவிட்டு வராதீர்கள்.