சீமெந்து வீடு கிடைக்கும் முன் கையில் இருக்க வேண்டிய கடிதங்கள்

தேயிலைத் தோட்டத்து லயத்தை (வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளை) விட்டு, சீமெந்துத் தரையும் கல்சுவரும் உள்ள தனிவீட்டுக்குப் போகப் பெயர் கொடுத்துக் காத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்திய உதவியில் இலங்கை மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்தபடி மேலும் 10,000 வீடுகளும் ஒதுக்கப்பட்டன. வீடு 550 சதுர அடி, காணி 7 பேர்ச்சஸ். ஒரு வீட்டுக்கான தொகை 2023இல் 28 இலட்சம் இலங்கை ரூபாயாக உயர்த்தப்பட்டது. அறிவிப்பில் இவ்வளவுதான் சொல்வார்கள். சிக்கல்கள் பெயர்ப் பட்டியலில் தொடங்குகின்றன.

ஒரே லய அறையில் பெற்றோரும் மணமான பிள்ளைகளும் சேர்ந்திருந்தால், அது ஒரு குடும்பமாகவே எண்ணப்படும் அபாயம் உண்டு. ஆகவே கிராம உத்தியோகத்தரின் பதிவிலும் வாக்காளர் இடாப்பிலும் தனிக் குடும்பமாகப் பதிந்துகொள்ளுங்கள். ஓய்வுபெற்றவர்களும், தோட்டத்தில் குடியிருந்து கொழும்பில் வேலை செய்பவர்களும், "உங்கள் பெயர் இருக்கிறது" என்று தலைவர் வாயால் சொல்வதை நம்பி இருந்துவிடக் கூடாது. பட்டியலைக் கண்ணால் பார்க்க வேண்டும். எங்கள் அயல் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்த ஒரு தாயின் பெயர், அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் சேமலாப நிதியப் பதிவில் வேறு விதமாகவும் இருந்தது. தோட்ட அலுவலகம் அவரைப் பிரதேச செயலகத்துக்கு அனுப்பியது; அங்கிருந்து மீண்டும் தோட்டத்துக்கே அனுப்பினார்கள். ஒவ்வொரு அலைச்சலுக்கும் ஒரு நாள் பேர், அதாவது நாட்சம்பளம், போனது. ஓர் எழுத்தைத் திருத்துவதற்கு ஒரு மனுஷியை எத்தனை முறை மலையிறக்குவது? பட்டியல் வரும் முன்பே பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதியப் பதிவு மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது இடம். நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற மண்சரிவு அபாய மாவட்டங்களில், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை இல்லாமல் அத்திவாரம் போடக் கூடாது. 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போனதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பக்கத்துக் காணிக்குக் கொடுத்த பரிந்துரையைக் காட்டி உங்கள் காணிக்கும் சரி என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அனுமதி கிடைத்த பிறகும், பின்பக்கம் குசினி இறக்குவதற்காக மண்மேட்டைச் செங்குத்தாக வெட்டுவதும், மழைநீர் போகும் கானை மூடுவதும் நல்ல கொங்கிரீட் சுவரையும் சாய்த்துவிடும். ஒரு தட்டுக்கென்று போட்ட அத்திவாரத்தின் மேல் பிற்காலத்தில் மாடி எழுப்ப நினைக்க வேண்டாம்.

பணம் கட்டங்கட்டமாகவே விடுவிக்கப்படும் இடங்களில், ஒரு கட்டம் பரிசோதிக்கப்பட்டால்தான் அடுத்த தவணை வரும். அதிகாரி வரத் தாமதமாகிறது என்று கடைக்காரரிடமும் வட்டிக்காரரிடமும் கடன்பட்டு வேலையைத் தொடர்ந்தவர்கள், பிறகு நகையையும் இழந்ததைக் கண்டிருக்கிறேன். வேலை நின்றால் நிற்கட்டும். பரிசோதனை கேட்டுக் கடிதம் கொடுத்து, அதன் பிரதியில் திகதியும் கையெழுத்தும் வாங்குங்கள். சேமலாப நிதியத்தில் 30 சதவீதம் எடுத்துச் சமாளிக்கலாம் என்பவர்களும் நிதானிக்க வேண்டும். அதற்குப் பத்து வருடச் சந்தாவும் 3 இலட்சம் ரூபாய் இருப்பும் வேண்டும் என்பதோடு, வீடு கட்டவென்று எடுக்கும்போது காணி ஆவணமும் கேட்பார்கள். காணி உறுதி (உரிமைப் பத்திரம்) இல்லாதவருக்கு அந்தக் கதவும் அடைபட்டது போலத்தான்.

அந்த உறுதிதான் எல்லாவற்றிலும் பெரியது. முந்திய திட்டங்களில் வீட்டுக்கென்று வாங்கிய கடனைக் கட்டி முடித்தும் உறுதி கைக்கு வராத குடும்பங்கள் மலையகத்தில் ஏராளம். சாவி கொடுக்கும் விழாவில் தரப்படும் தாள் உறுதியா, வெறும் கடிதமா என்று அங்கேயே கேளுங்கள். கணவன், மனைவி இருவர் பெயரையும் எழுதும்படி வற்புறுத்துங்கள். சிங்களத்தில் மட்டும் உள்ள படிவத்தில் கையெழுத்திடாமல் தமிழ்ப் பிரதி கேளுங்கள். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி.

உறுதி எங்கே நிற்கிறது என்று எவரும் சொல்லாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்தின் தகவல் அதிகாரிக்கு எழுதுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். கோரிக்கையைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.