ஆஃப்செட்: சக்கரத்தின் நடுவிலக்கம்

ஸ்போர்ட்ஸ் காருக்கு அலாய் வீல் மாற்றுகிறவர்கள் வடிவத்தையும் நிறத்தையும் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். மாட்டிய பிறகு வீல், மேலே வளைந்து மூடும் தகடான ஃபெண்டரோடு ஒட்டி அழகாக நிற்குமா, வெளியே துருத்துமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அகலமும், வீலில் பொறித்த ‘ஈடி 45’ போன்ற ஓர் எண்ணும்தான். அந்த எண்ணின் பெயர் ஆஃப்செட்.

வீலின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் நடுக்கோட்டுக்கும், ஹப்பில் (சக்கரத்தை மாட்டும் அச்சின் நடுப்பகுதி) பொருந்தும் முகத்துக்கும் இடையே உள்ள தூரம் அது, மில்லிமீட்டரில் சொல்வார்கள். பொருந்துமுகம் நடுக்கோட்டிலேயே இருந்தால் சுழி. காருக்கு வெளிப்பக்கமாகத் தள்ளியிருந்தால் பிளஸ், பிரேக் பக்கமாகத் தள்ளியிருந்தால் மைனஸ். குழப்பம் தொடங்குவது இங்கேதான். பொருந்துமுகம் வெளியே போகப் போக, சக்கரம் காருக்கு உள்ளே போகும். ஆகவே எண் குறைந்தால் சக்கரம் வெளியே வரும்.

ஆங்கிலச் சொல்லில் இருப்பது ‘விலக்கி வைத்தது’ என்ற பொருள் மட்டுமே. ‘ஈடி’ ஜெர்மன் மொழியின் ஐன்பிரெஸ்டீஃபெ என்பதன் சுருக்கம்: அழுத்திப் பதித்த ஆழம். எஃகுச் சக்கரத்தில் நடுத்தட்டை வளையத்துக்குள் அழுத்தி இறக்கிப் பற்றவைப்பார்கள். எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதே அளவு. ஒரே வார்ப்பாக வரும் அலாய் வீலில் எதையும் பதிப்பதில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஜப்பானிய வீல் பட்டியல்களில் பிளஸ் ஆஃப்செட்டை இப்போது இன்செட் என்கிறார்கள். சக்கரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று நேரடியாகச் சொல்வதால் அது மேலான பெயர்.

தமிழில் ஆஃப்செட் அச்சுக்கு மறுதோன்றி என்ற அருமையான சொல் உண்டு. மை தகட்டிலிருந்து ரப்பர் விரிப்புக்கு மாறி, அங்கிருந்து தாளில் மறுபடி தோன்றுவதால் வந்தது, சக்கரத்துக்குப் பொருந்தாது. இங்கே ‘நடுவிலக்கம்’ என்பதைப் பரிந்துரைக்கிறோம். பிளஸ் என்றால் உள்விலக்கம், மைனஸ் என்றால் வெளிவிலக்கம். ஹப்புக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால்கள் செருகும் நடுப்பகுதி குடம்தான்.

கணக்கை ஒரு காரில் போட்டுப் பார்க்கலாம். நான்காம் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் 17 அங்குல வீல் 7 அங்குல அகலம், ஈடி 45. அதற்குப் பதில் 8 அங்குலம், ஈடி 35 மாட்டினால், அகலம் கூடியதில் இருபுறமும் 12.7 மி.மீ., நடுவிலக்கம் குறைந்ததில் வெளியே 10 மி.மீ. ஆக வெளிவிளிம்பு 22.7 மி.மீ. வெளியே வரும், உள்விளிம்பு 2.7 மி.மீ. மட்டும் உள்ளே போகும். காரையும் தாழ்த்தியிருந்தால், பள்ளத்தில் இறங்கும்போது டயரின் தோள் ஃபெண்டர் மடிப்பில் உரசக்கூடும். 7.5 அங்குலம், ஈடி 40 என்றால் வெளியே 11.35, உள்ளே 1.35 மட்டுமே. நம் தேர்வு இதுதான்: காரின் தோற்றம் நிறைந்துவிடும், எதுவும் துருத்தாது.

அளவு மீறினால் கேடு தோற்றத்தோடு நிற்பதில்லை. டயர் பதியும் இடம் ஸ்டீயரிங் அச்சுக்கோட்டிலிருந்து விலகுவதால், மேடுபள்ளத்தில் ஸ்டீயரிங் கையை இழுக்கும். வீல் பேரிங்கில் வளைப்புச் சுமை கூடும். குடத்துக்கும் வீலுக்கும் இடையே 5 மி.மீ. தடிமனான ஸ்பேசர் தட்டு செருகுவதும் நடுவிலக்கத்தை 5 குறைப்பதே. கூடவே வீலை மாட்டும் திருகுதண்டான ஸ்டட்டில் நட் பிடிக்கும் மரையும் 5 மி.மீ. குறையும். 12 மி.மீ. ஸ்டட்டில் 1.5 மி.மீ. மரை இடைவெளிக்கு நட் குறைந்தது எட்டுச் சுற்றாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் நீள ஸ்டட் போடாமல் ஓட்டாதீர்கள்.

நடுவிலக்கம் சரியாக இருந்தும் வீல் மாட்டாமல் போகலாம், ஏனென்றால் ஆரக்காலின் வளைவு பிரேக் தட்டைக் கவ்வும் காலிப்பரில் முட்டுமா என்பதை அந்த எண் சொல்லாது. நடுத்துளை இன்னொரு கணக்கு. எம்எக்ஸ்-5 காரின் குடம் 54.1 மி.மீ. விட்டம்; வெளிச்சந்தை வீலில் துளை பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் வளையம் போடுங்கள், இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டீயரிங் அதிரும். இந்தக் காரில் நட்டுகளை எதிரெதிராக, 108 முதல் 147 நியூட்டன் மீட்டருக்குள் முறுக்கி, 100 கி.மீ. ஓடியபின் மறுபடி சரிபார்க்க வேண்டும்.