‘லாபி’ – ஒரு தாழ்வாரத்தின் கதை

“அவன் லாபி பண்ணித்தான் அந்தப் போஸ்டிங்கை வாங்கினான்” என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறோம். “டெல்லியில் அவங்க லாபி பலமானது” என்கிறோம். ஓட்டலுக்குப் போனால், “லாபியில் உட்காருங்க சார், ரூம் ரெடியானதும் கூப்பிடுறோம்” என்கிறார்கள். சொல் ஒன்றுதான். முதலாவதில் அது ஒரு செயல், இரண்டாவதில் ஒரு கூட்டம், மூன்றாவதில் ஓர் இடம். பிறக்கும்போது அது இடமாகத்தான் இருந்தது.

இடைக்கால லத்தீனில் ‘லோபியா’ என்றால் மடங்களில் துறவிகள் நடப்பதற்காகக் கூரை போட்டுவிட்ட நடை. அதன் வேர் ஜெர்மானிய மொழிகளில் இருக்கிறது. இலைதழை வேய்ந்த நிழற்பந்தல் என்று பலர் அதற்குப் பொருள் சொல்வார்கள். அதே வேர் இத்தாலியில் ‘லோஜ்ஜா’ ஆயிற்று. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் போய் ‘லாட்ஜ்’ ஆயிற்று. ஆக, நம்மூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டியூப்லைட் கண் சிமிட்டும் லாட்ஜும் வாஷிங்டனின் லாபியும் பங்காளிகள்.

பதினேழாம் நூற்றாண்டில் லண்டன் நாடாளுமன்றத்தின் வெளிக்கூடத்துக்கு இந்தப் பெயர் வந்தது. உறுப்பினர் அல்லாதவர் அவைக்குள் போக முடியாது, வெளிக்கூடம் வரை வரலாம். காரியம் ஆகவேண்டியவர்கள் அங்கே காத்து நின்று, உறுப்பினர் வெளியே வரும்போது காதைக் கடித்தார்கள். நம் நாடாளுமன்றத்திலும் இடப்பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது: வாக்குப்பதிவுக்கு முன்னால் லாபிகளைக் காலி செய்யச் சொல்லி சபாநாயகர் உத்தரவிடுவார்.

இடத்தின் பெயர் அங்கே நிற்கும் ஆட்களுக்கு ஒட்டிக்கொண்டது அமெரிக்காவில். இதற்கு ஒரு கட்டுக்கதையும் சுற்றுகிறது. ஜனாதிபதி கிராண்ட் மாலையில் வில்லார்டு ஓட்டலுக்குச் சுருட்டும் பிராந்தியுமாகப் பொழுதைப் போக்க வருவாராம். முன்கூடத்தில் மனுவோடு மொய்த்தவர்களுக்கு அவரே இந்தப் பெயரை வைத்தாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிராண்ட் பதவிக்கு வந்தது 1869இல். அதற்கு நாற்பது ஆண்டுக்கு முன்பே, நியூயார்க் மாகாணத் தலைநகரான ஆல்பனியில் சட்டமன்ற வாசலில் நின்றவர்களை ‘லாபி ஏஜென்ட்’ என்று அழைத்திருக்கிறார்கள்.

இந்தத் தொழில் தொடக்கத்திலிருந்தே கெட்டது என்று சொல்லிவிட முடியாது. குறை தீர்க்கச் சொல்லி அரசிடம் மனுக் கொடுப்பது 1791இல் அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்திலேயே உரிமையாக எழுதப்பட்டது. அடுத்த ஆண்டே, விடுதலைப் போரில் சண்டையிட்ட வர்ஜீனியா வீரர்கள் தங்களுக்கு வரவேண்டிய பாக்கிக்காக வில்லியம் ஹல் என்பவரை அமர்த்திக் காங்கிரசிடம் (அமெரிக்க நாடாளுமன்றத்திடம்) பேசவைத்தார்கள். சம்பளம் பாக்கி நின்ற சிப்பாய்களுக்காக ஒருவர் வாதாடினால் அதில் யாருக்கு என்ன வருத்தம்?

வருத்தம் பின்னால் வந்தது. நிக்கோலஸ் டிரிஸ்ட் என்பவர் 1848இல் மெக்சிகோவோடு சமாதான ஒப்பந்தம் பேசி முடித்த தூதர். அவருக்குச் சேரவேண்டிய பணத்தை அரசு தரவே இல்லை. பாஸ்டன் வக்கீல் ஒருவரைப் பிடித்து, “காங்கிரசில் பேசி வாங்கிக் கொடு, கிடைப்பதில் கால்பங்கு உனக்கு” என்றார். 1871இல் 14,559 டாலர் கிடைத்தது. டிரிஸ்ட் கால்பங்கைத் தர மறுத்துவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இப்படி ஒரு ஒப்பந்தமே செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. டிரிஸ்டின் கோரிக்கை நியாயமானதுதான், லஞ்சம் எதுவும் கைமாறவும் இல்லை. ஆனாலும் தனிப்பட்ட முறையில் உறுப்பினர்களைக் கண்டு பேசுவதைக் கூலிக்குச் செய்வது பொதுநலனுக்கு விரோதம் என்றார்கள் நீதிபதிகள். பெரிய கம்பெனிகள் தங்கள் சுயலாபத்துக்காகச் சட்டம் இயற்றவைக்க ஆட்களைக் கூலிக்கு அமர்த்தினால், நேர்மையுள்ள எவரும் அதை ஊழல் என்றே சொல்வார் என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. 1877இல் ஜார்ஜியா மாகாணம் தன் சாசனத்தில் லாபியைக் குற்றம் என்றே எழுதிவைத்தது.

இன்று அதே நாட்டில், மத்திய அரசு மட்டத்தில் பதிவான லாபிக்கு மட்டும் ஆண்டுக்கு 400 கோடி டாலருக்கு மேல் செலவாகிறது. பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 1946இல் முதல் பொதுச் சட்டம் வந்தது. அது ஓட்டைப் பானை. 1995இல் வந்தது கொஞ்சம் தேவலை. அதன்படி, ஒருவர் ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்யும் வேலையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவாகவே லாபி இருந்தால் அவர் லாபிக்காரர் இல்லை.

சொல்லை விட்டு ஆட்கள் நழுவத் தொடங்கியது இங்கேதான். குடியரசுக் கட்சியின் நியூட் கிங்ரிச், பிரதிநிதிகள் அவையின் சபாநாயகராக இருந்தவர், வீட்டுக்கடன் நிறுவனமான ஃபிரெடி மேக்கிடமிருந்து தன் நிறுவனம் சுமார் 16 லட்சம் டாலர் வாங்கியது எதற்கு என்று 2011 தேர்தல் விவாதத்தில் கேட்டபோது, ‘வரலாற்றாசிரியராக’ ஆலோசனை சொன்னேன் என்றார். வரலாறு படித்தால் வேலை கிடைக்காது என்று யார் சொன்னது? எதிர்க்கட்சியும் சளைத்ததில்லை. ஜனநாயகக் கட்சியின் செனட் தலைவராக இருந்த டாம் டாஷ்லே பல ஆண்டுகள் ‘கொள்கை ஆலோசகர்’ என்றே இருந்தார்; அந்தச் சட்ட ஓட்டைக்கு அவர் பெயரே வைத்துவிட்டார்கள். இதற்கெல்லாம் சிகரம், 2013இல் லாபிக்காரர்களின் சங்கமே தன் பெயரிலிருந்து அந்தச் சொல்லை நீக்கி, ‘அரசு உறவு வல்லுநர்கள்’ என்று மாற்றிக்கொண்டது. சொல்லுக்குக் கெட்ட பெயர் வந்தால் தொழிலை மாற்றுவதைவிடப் பெயர்ப்பலகையை மாற்றுவது மலிவு.

அமெரிக்க லிபரல்கள் (அங்கே இந்தச் சொல் சீர்திருத்தத்தின் பக்கம், அரசு தலையிட்டு எளியவரைக் காக்கவேண்டும் என்ற பக்கம் நிற்பவர்களைக் குறிக்கும்) குடியரசுக் கட்சியின் கன்சர்வேட்டிவ் அரசியலைத் திட்டும்போது லாபி என்ற சொல் அடிக்கடி வரும். அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று புரிய ஒரே ஒரு இரவைப் பார்த்தால் போதும்.

2003 நவம்பர் 22, விடியற்காலை 3 மணி. முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் மருந்துச் செலவையும் சேர்க்கும் மசோதா பிரதிநிதிகள் அவையில் வாக்கெடுப்புக்கு வருகிறது. புஷ் ஆட்சி, அவையும் குடியரசுக் கட்சியின் கையில். வழக்கமாக 15 நிமிடத்தில் முடியவேண்டிய வாக்கெடுப்பு. மசோதா தோற்கிற நிலை. வாக்குப் பலகையை மூடவில்லை. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் திறந்தே வைத்துக்கொண்டு, எதிர்த்த சொந்தக் கட்சிக்காரர்களை ஒவ்வொருவராகப் பிடித்துப் பேசுகிறார்கள். பொழுது விடியும் நேரத்தில் 220க்கு 215 என்று மசோதா தேறுகிறது. அந்த இரவில் ஓர் உறுப்பினரிடம், வாக்கை மாற்றினால் தேர்தலில் நிற்கும் உன் மகனுக்கு ஆதரவு தருகிறேன் என்று பேரம் பேசியதற்காகப் பெரும்பான்மைத் தலைவர் டாம் டிலேயை அவையின் ஒழுங்குக் குழு மறு ஆண்டு கண்டித்தது.

முதியோருக்கு மருந்து கிடைப்பது நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் உள்ளே ஒரு விதி இருந்தது: மருந்து விலையை அரசு கம்பெனிகளோடு பேரம் பேசக் கூடாது. நாட்டிலேயே பெரிய கொள்முதல்காரனின் வாயைச் சட்டமே கட்டிவிட்டது. அந்த மசோதாவை நடத்திக்கொடுத்தவர்களில் ஒருவர், அவையின் எரிசக்தி, வணிகக் குழுத் தலைவர் பில்லி டாசின். 2005 ஜனவரியில் அவர் மருந்துக் கம்பெனிகளின் சங்கத்துக்குத் தலைவராகப் போனார். ஆண்டுச் சம்பளம் சுமார் 20 லட்சம் டாலர் என்று அப்போது செய்தி வந்தது. ‘சுழல் கதவு’ என்று அங்கே சொல்வது இதைத்தான். பேரம் பேசும் உரிமையில் ஒரு பகுதி 2022இல்தான் சட்டமாகி, முதல் பத்து மருந்துகளின் பேசிய விலை 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

இந்தக் கதையில் ஒரு சட்டத்தையும் மீறி யாரும் பணம் கொடுத்ததாக நான் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஜாக் ஆப்ரமாஃப் என்ற லாபிக்காரர் போல லஞ்சத்தில் மாட்டி, 2006இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஜெயிலுக்குப் போனவர்களும் உண்டு. அது வேறு கணக்கு. அதற்கு லஞ்சம் என்ற பழைய சொல்லே போதும். லிபரல்களின் புகார் சட்டப்படி நடப்பதைப் பற்றியது.

அவர்கள் இதை 1971இலிருந்து தொடங்குவார்கள். அந்த ஆகஸ்டில் லூயிஸ் பவல் என்ற கம்பெனி வக்கீல், அமெரிக்க வர்த்தகச் சபைக்கு ஒரு ரகசியக் குறிப்பு எழுதினார்: வணிகர்கள் ஒதுங்கி நிற்பது போதும், பல்கலைக்கழகம், பத்திரிகை, நீதிமன்றம், அரசியல் எல்லாவற்றிலும் ஒன்றுதிரண்டு இறங்கவேண்டும். இரண்டு மாதத்தில் நிக்சன் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். 1978இல் மக்கள் வாக்கெடுப்புப் பிரச்சாரங்களில் கம்பெனிகள் பணம் செலவழிக்கலாம் என்ற பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியதும் அவரே. 2010இல் ‘சிட்டிசன்ஸ் யுனைட்டட்’ தீர்ப்பு, 5க்கு 4 என்ற கணக்கில், கட்சியோடு சேராமல் தனியாகத் தேர்தலில் செலவிடும் கம்பெனிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இருந்த தடையை நீக்கியது. எல்லாம் ஒரே கடிதத்திலிருந்து முளைத்தது என்பது எனக்கு மிகையாகப் படுகிறது. ஆனால் தீர்ப்புக்கும் லாபிக்கும் உள்ள தொடர்பு மிகையில்லை: அறைக்குள் வரும் லாபிக்காரர் இனி எதையும் கொடுக்க வேண்டியதில்லை. அவர் கம்பெனி நினைத்தால் அடுத்த தேர்தலில் எதிராளிக்காக எவ்வளவு இறைக்க முடியும் என்பது எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்தால் போதும்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொழிற்சங்கங்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் லாபி செய்கின்றன. 2009இல் ஒபாமாவின் மருத்துவச் சீர்திருத்தத்துக்காக அதே டாசினோடுதான் வெள்ளை மாளிகை உட்கார்ந்து பேசியது. கம்பெனிகள் பத்தாண்டில் 8,000 கோடி டாலர் மிச்சப்படுத்திக் கொடுக்கும், அதற்குமேல் நெருக்க மாட்டோம் என்று உடன்பாடு. அப்போது அதிகம் கத்தியவர்களும் லிபரல்கள்தான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்?

இடத்துக்குப் பிரச்சினையில்லை. முன்கூடம் என்றால் முடிந்தது. ஆட்களின் கூட்டத்துக்கு ‘அழுத்தக் குழு’ என்று எழுதுகிறார்கள், பரவாயில்லை. செயலுக்குத்தான் வண்டி மாடு படுத்துக்கொள்கிறது. ‘ஆதரவு திரட்டல்’ என்றால் தெருமுனையில் கையெழுத்து வாங்குவது போல இருக்கிறது; சத்தமில்லாமல் நாலு பேரை மட்டும் பார்ப்பதுதான் லாபியின் சூட்சுமம். ‘செல்வாக்குச் செலுத்தல்’ என்பதில் யார் காசு என்பது மறைந்துவிடுகிறது. ‘பரிந்துரை’க்குள் பரிவு இருக்கிறது, சம்பளத்துக்குப் பரிவு வருமா?

பேச்சில் நாம் வைத்திருக்கும் சொல் ஒன்று இதற்கு ரொம்பக் கிட்டத்தில் வருகிறது: வக்காலத்து. “அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குறே?” என்கிறோமே, அதில் அடுத்தவனுக்காகப் பேசுவது என்ற பொருள் பளிச்சென்று இருக்கிறது. சொல் அரபியிலிருந்து வந்தது. அதற்காக நான் ஒதுக்கமாட்டேன். ஒதுக்கக் காரணம் வேறு. வக்கீல் பேசும்போது எதிர்க்கட்சி வக்கீலும் அதே அறையில் இருப்பார், நீதிபதி இருவரையும் கேட்பார். லாபியில் எதிர்த் தரப்புக்கு நாற்காலி கிடையாது.

ஆகவே நான் ‘தரகு’ பக்கம் சாய்கிறேன். மாட்டுச் சந்தையில் பார்த்திருப்பீர்கள். தரகர் தோளிலிருந்து துண்டை எடுத்துக் கையின்மேல் போட்டுக்கொள்வார். வாங்குபவர் துண்டுக்குள் கையை விடுவார். விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். தரகர் யார், யாருக்காக வந்தார் என்பது சந்தைக்கே தெரியும். விலை மட்டும் துண்டுக்குள். அமெரிக்கச் சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான். யாருடைய லாபிக்காரர், எவ்வளவு பணம், எந்த மசோதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தரவேண்டும். எந்த உறுப்பினரைப் பார்த்தார், அவரிடம் என்ன பேசினார் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

கூலிக்குச் செய்யும் லாபிக்குச் ‘சட்டத் தரகு’, செய்பவருக்குச் ‘சட்டத் தரகர்’ என்பது என் யோசனை. தரகு என்றாலே மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு என்பது தெரியும். நிலத் தரகரும் கல்யாணத் தரகரும் யாரையும் ஏமாற்றாமல் பிழைக்கிற ஊர்தானே இது. பாக்கிக்காக அந்த வர்ஜீனியா வீரர்களே நேரில் திரண்டு போயிருந்தால் அதைத் தரகு என்று சொல்லமாட்டேன், அதற்கு ‘முறையீடு’ என்ற நல்ல சொல் இருக்கிறது. ஹல்லை அனுப்பியது? முக்கால் முறையீடு, கால் தரகு.