காந்தத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்

நேற்றும் ஒருவர் சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்தார். மூன்று உலோக அடுக்குள்ள ட்ரைபிளை கடாயின் அடியில் வைத்தார், ஒட்டியது. "இது இரும்புங்க, ஏமாத்துறீங்க" என்று தள்ளிவைத்துவிட்டு, அதைவிட மட்டமான 202 ரக எவர்சில்வர் கடாயைத் திருப்தியோடு வாங்கிப்போனார். பாத்திரக்கடை வைத்திருப்பவனுக்கு வேறென்ன எரிச்சல் வேண்டும்?

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்பது பாதிகூட உண்மையில்லை. 304 ரகத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். அதில் காந்தம் ஒட்டாது. நிக்கல் விலை அதிகம் என்பதால் அதைக் குறைத்து, மாங்கனீஸைக் கூட்டிச் செய்வது 202. அதிலும் ஒட்டாது! அப்புறம் காந்தம் எதைக் கண்டுபிடித்தது? ட்ரைபிளையில் வழக்கமாக உள்ளே 304, நடுவில் அலுமினியம், வெளியே காந்தம் ஒட்டும் 430 ரக எவர்சில்வர். ஒட்டினால்தான் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறும். இன்னொன்று, 304 தகட்டையே அழுத்தி இழுத்துக் குண்டானாக்கும்போது வளைவுகளில் லேசாகக் காந்தம் பிடிக்கும். அது கலப்படம் இல்லை.

அடியைப் பாருங்கள்: ஐஎஸ்ஐ முத்திரை, ஐஎஸ் 14756 என்ற தர எண், 304 என்ற அச்சு. பில்லிலும் ரகத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள். 202 வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. அரிசி, பருப்பு போட்டுவைக்கும் டப்பாவுக்கு அது போதும். ரசம், புளிக்குழம்பு வைப்பதற்கு 304.

அடியில் குத்துக் குத்தாகப் புள்ளி விழுந்து திரும்பி வருபவை தனிக் கதை. பெரும்பாலும் உப்புதான். பச்சைத் தண்ணீரில் கல்லுப்பைப் போட்டு அடுப்பில் வைத்தால், கரையும்வரை அடியில் கிடந்து அரிக்கும். தண்ணீர் கொதித்த பிறகு போட்டுக் கிளறிவிடுங்கள். ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி இருக்கிறது, எவர்சில்வர் டப்பா வேண்டாம். ப்ளீச்சிங் பவுடர் கிட்டவே வரக்கூடாது. இரும்பு நாரும் கூடாது. அதன் துகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும், பழி பாத்திரத்தின்மேல். அடிப்பிடித்ததா? தண்ணீர் ஊற்றி, சமையல் சோடா போட்டுக் கொதிக்கவிட்டு ஊறவையுங்கள். வானவில் நிறமும் உப்புத்தண்ணீரின் வெள்ளைத் திட்டும் கெடுதல் இல்லை, எலுமிச்சைத் தோலால் தேய்த்தால் போய்விடும்.

அப்புறம், தயவுசெய்து பேர் வெட்டுவதற்கு முன்பே பாத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிடுங்கள். பேர் வெட்டியதைக் கம்பெனிக்காரர்கள் எங்களிடமிருந்து திரும்ப எடுப்பதில்லை.