மருத்துவமனை இறப்பு வீதம்

‘தலைக்கு ஐந்து ரூபாய் வீதம்’ என்கிறோம். ‘வீதம்’ ஒருபோதும் தனித்து நிற்காத சொல். தலைக்கு, ஏக்கருக்கு, நாளுக்கு என்று எதையாவது பற்றிக்கொண்டுதான் வரும். ‘இறப்பு வீதம்’ என்று எழுதும்போது மட்டும் அந்தத் ‘தலை’யை, அதாவது எத்தனை பேரில் எண்ணுகிறோம் என்பதை, வசதியாக மறந்துவிடுகிறோம். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதைத் தமிழில் எந்தச் சொல்லால் சொல்வது?

பிரேசிலின் போர்ச்சுகீசிய மொழியில் இறப்பு வீதத்துக்கு இரண்டு சொற்கள் உண்டு. ‘மோர்டாலிடாஜி’ மக்கள்தொகை முழுவதையும் வகுக்கும் எண்ணாகக் கீழே வைத்து இறந்தோரை எண்ணுவது. ‘லெடாலிடாஜி’ நோயுற்றோரை மட்டும் கீழே வைப்பது. இரண்டுமே சாவைக் குறிக்கும் லத்தீன் சொற்களிலிருந்து வந்தவை: ‘மோர்ஸ்’, ‘லேடும்’. (ஆங்கிலத்தின் ‘லீத்தல்’ என்ற சொல்லில் நுழைந்திருக்கும் கூடுதல் ‘h’ எழுத்து, குடித்தவர் எல்லாவற்றையும் மறந்துவிடும் கிரேக்கப் பாதாள ஆறான லேத்தேயோடு ‘லேடு’மைக் குழப்பிக்கொண்டதால் வந்தது.)

தமிழில் இரண்டாவதைக் ‘கொல்திறன்’ என்று எழுதலாமே என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழி முழுவதையும் கிருமியின் தலையில் கட்டிவிடுகிறது அந்தச் சொல்.

2020 பிப்ரவரி முதல் 2021 ஜனவரித் தொடக்கம் வரை, கொரோனா உறுதியாகி பிரேசில் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 20 வயதுக்குட்பட்டோர் 11,613 பேர். இறந்தவர்கள் 886 பேர். அதாவது நூற்றுக்கு 7.6 வீதம். ஆனால் இது நாட்டின் சராசரிதான். வளமான தென்கிழக்கைவிட வடக்கிலும் வடகிழக்கிலும் சேர்க்கப்பட்ட பிள்ளைகளுக்குச் சாகும் வாய்ப்பு அதிகம். பழங்குடிப் பிள்ளைகளுக்கும் அப்படியே. கிருமியின் திறன் மாநில எல்லை பார்த்தா கூடிக் குறையும்?

வடக்கிலுள்ள அமேசோனாஸ் மாநிலத்தின் பரப்பு 15 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். பெருந்தொற்று வந்தபோது அதன் தீவிர சிகிச்சைப் படுக்கைகள் தலைநகர் மனாஸில்தான் இருந்தன. பழங்குடியினர் பெருவாரியாக வாழும் சாவோ கேப்ரியல் டா கஷோய்ரா அங்கிருந்து ஏறத்தாழ 850 கிலோமீட்டர் தொலைவு. சாலை இல்லை, ரியோ நீக்ரோ ஆற்றில் படகு, இல்லையென்றால் விமானம். அவ்வளவு தூரம் வந்து சேர்ந்தாலும் படுக்கை உறுதி என்று சொல்ல முடியாது. 2021 ஜனவரியில் மனாஸ் மருத்துவமனைகளில் ஆக்சிஜன் தீர்ந்தது. உறவினர்கள் சிலிண்டருக்காகத் தெருவில் வரிசையில் நின்றார்கள். சுமார் 60 குறைமாதக் குழந்தைகளை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று பிற மாநிலங்களைக் கேட்க வேண்டியதாயிற்று.

ஆகவே ‘மருத்துவமனை இறப்பு வீதம்’ என்பதே என் தேர்வு. நீளம்தான், ஆனால் எண்ணிக்கை எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறது. ‘விகிதம்’ இங்கே பொருந்தாது. அது இரண்டு அளவுகளை ஒப்பிடும் சொல். இலங்கைப் பாடநூல்கள் இவ்வேறுபாட்டைப் பேணுகின்றன. சதவீதத்தை அங்கே ‘நூற்றுவீதம்’ என்றும் சொல்வார்கள். முதன்முறை எழுதும்போது ‘சேர்க்கப்பட்ட நூறு பேருக்கு இத்தனை பேர் வீதம்’ என்று விரித்துவிடுவது இன்னும் நல்லது. படகிலேயே உயிர்விட்ட பிள்ளை அந்த நூறில் இல்லை என்பது வாசகருக்கு அப்போதுதான் தெரியும்.