மரம் இழுக்கும் கார்பன் மண்ணில் தங்குகிறதா?

காற்றில் கரியமில வாயு கூடினால் மரங்கள் செழிக்கும், மிச்சக் கார்பனை மண் சேர்த்து வைத்துக்கொள்ளும் என்று பலரும் நம்புகிறார்கள். மண் ஆய்வையே தொழிலாகக் கொண்ட என்னால் இதை அப்படியே ஏற்க முடியவில்லை.

மரத்தின் மெல்லிய வேர் ஒன்றை எடுத்து உதறிப் பாருங்கள். பெரும்பாலான மண் கொட்டிவிடும். அப்புறமும் வேரை விடாமல் ஒட்டியிருக்கும் சில மில்லிமீட்டர் மண்தான் வேர்மண்டலம். ஆய்வகத்தில் அதைத் தூரிகையால் தட்டித் தனியாகச் சேகரிப்போம். பைன், ஓக் மரங்களின் வேர்நுனியை நுண்ணோக்கியில் வைத்தால், பூஞ்சை இழைகள் உறை போல அதைச் சுற்றியிருப்பது தெரியும்.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. ஆனால் மண் இடுக்குகளில் அது எப்போதுமே இதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் வேர்மண்டலத்தில் வாழும் நுண்ணுயிரிகளை மாற்றுவது வெளிக்காற்று அல்ல, மரம்தான். இலைகள் கூடுதலாகச் சர்க்கரை தயாரிக்கின்றன. வேர்கள் அதில் ஒரு பங்கைச் சர்க்கரையாகவும் கரிம அமிலங்களாகவும் மண்ணில் கசியவிடுகின்றன. அதைத் தின்று பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகுகின்றன. பெருகுவதற்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) வேண்டுமே! அதற்காக மண்ணிலிருக்கும் பழைய மட்கைச் சிதைக்கின்றன. நெடுங்காலமாக மண்ணில் கிடந்த கார்பன் மறுபடி காற்றுக்குப் போகிறது.

மரம் கூடுதலாக இழுக்கும் கார்பன் அப்படியே தங்கிவிடுவதில்லை என்பதைச் சிட்னி அருகே யூகலிப்டஸ் காட்டில் நடந்த சோதனை காட்டியது. கூடுதல் வாயு செலுத்தப்பட்ட மரங்கள் 12 சதவீதம் அதிகமாகக் கார்பனை இழுத்தன, ஆனால் அதற்கேற்றபடி பருக்கவில்லை. அந்தக் கூடுதல் கார்பனில் ஏறத்தாழ பாதி, மண் விட்ட மூச்சாகவே வெளியேறியது. அங்கே தட்டுப்பாடு மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்). கிடைத்ததையும் நுண்ணுயிரிகள் தம்மிடம் பிடித்துவைத்துக்கொண்டன. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் நடந்த இதேபோன்ற சோதனையில் ஸ்வீட்கம் மரங்களுக்குத் தழைச்சத்து போதவில்லை. தொடக்கத்தில் 24 சதவீதமாக இருந்த கூடுதல் வளர்ச்சி, 2008இல் 9 சதவீதமாக இறங்கியது.

எல்லாக் காடும் இப்படியல்ல. இங்கிலாந்தில் கூடுதல் வாயு பெற்ற முதிர்ந்த ஓக் மரங்கள் சுமார் 10 சதவீதம் கூடுதலாக மரக்கட்டை சேர்த்தன. வேரோடு வாழும் பூஞ்சை எந்த வகை, மண்ணில் சத்து எவ்வளவு என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

ஆகவே மரம் நட்டுக் கார்பன் கணக்கு எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: தண்டின் சுற்றளவோடு நிறுத்திவிடாதீர்கள். நடும் முன்பும் சில ஆண்டுகள் கழித்தும், அதே பருவத்தில், அதே ஆழத்தில் மண் எடுத்துக் கார்பன், தழைச்சத்து, மணிச்சத்து மூன்றையும் சோதியுங்கள். மரத்தடிச் சருகை எரிக்காமல் விடுங்கள்.